நோன்புக்கு வாருங்கள், அண்ணே

அன்புள்ள அண்ணனுக்கு,

கத்திரி தொடங்கி இன்றோடு ஐந்து நாள். சென்ற ஆண்டு இதே நாளில்தான், நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் போனை வைத்தேன். அதன் பிறகு ஆத்தாவின் மருந்தையும் வீட்டு வரியையும் தவிர நாம் வேறெதுவும் பேசிக்கொண்டதில்லை.

அன்று பத்து மணிக்கே கரண்ட் போய்விட்டது. மொட்டை மாடியில் கூழ்வற்றல் பிழிந்துவிட்டு இறங்கிய ஆத்தா, முற்றத்தைச் சுற்றிய வளவில் நிழல் விழும் பக்கமாக, ஈரத்துண்டை விரித்து ஆத்தங்குடிக் கல்லின் மேல் படுத்திருந்தார்கள். எந்த வெயிலிலும் காலுக்குச் சில்லென்று இருக்கும் அந்தக் கல்லே அன்று வெதுவெதுப்பாக இருந்தது. அந்த நேரத்தில்தான் உங்கள் அழைப்பு வந்தது. மே விடுமுறைக்கு வந்தால் பிள்ளைகளுக்கு வெயில் தாங்காது, திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள் வரும் பிள்ளையார் நோன்புக்கு ஒரு வாரம் வந்து தங்குகிறோம், அதற்குள் ஓர் அறைக்காவது ஏசி போட்டு வை என்றீர்கள். டிசம்பரில் எதற்கு ஏசி என்று கேட்டேன். இந்த வெயிலைத் தாங்குகிறவர்களுக்குத்தான் இந்த வீடு என்றும் சொன்னேன்.

இரண்டாவதாகச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். முதலில் கேட்டதில் தவறில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்; அத்தனை உயரமான கூரையும் இடுக்கு விட்ட தேக்குக் கதவும் உள்ள அறையில் எந்தக் குளிர் நிற்கும்? ஆனால் அந்த ஏசியை யாருக்காகக் கேட்கிறீர்கள் என்று நான் விசாரிக்கவே இல்லை. ஆத்தா எழுந்து உட்கார்ந்து, துண்டு விட்டுப்போன ஈரத்தைக் கையால் தடவிக்கொண்டே இருந்தார்கள். இரவு சாப்பாட்டின்போதுதான், "வர்றேன்னுதானப்பா சொன்னான்" என்றார்கள். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

நோன்புக்கு நீங்கள் வரவில்லை. திருக்கார்த்திகையிலிருந்து நாளுக்கு ஒன்றாகப் புதுக் கோடி வேட்டியில் உருவிய 21 இழைகளையும் திரியாக்கி, பச்சரிசி மாவில் வெல்லமும் நெய்யும் விட்டுப் பிசைந்து பிள்ளையார் பிடிக்கையில், பழகிய கை உங்களுக்கும் சேர்த்து ஒன்று பிடித்துவிட்டது. அதை என்ன செய்தோம் என்பதை நேரில் சொல்கிறேன். சென்னையில் ஏதோ ஒரு மண்டபத்தில் வரிசையில் நின்று, ஏற்றிய திரியோடு மாவுப் பிள்ளையாரை வாயில் போட்டு நீங்கள் இழை எடுத்துக்கொண்ட படம் அன்றிரவே எனக்கு வந்தது. ஆத்தாவிடம் நான் அதைக் காட்டவில்லை. உங்களுக்கு இரங்கித்தான் காட்டவில்லை என்று சொல்ல மாட்டேன். எனக்கு ஆத்திரமாக இருந்தது. அங்கிருந்துகொண்டு திட்டம் போடுவது எளிது, அண்ணே. இத்தனை கட்டு வீட்டில் ஒட்டடை அடிக்கவும், மழைக்கு முன்னால் உடைந்த ஓட்டை மாற்றவும் ஆள் தேடி அலைகிறவன் நான் ஒருவன்தான்.

வீட்டுப் பங்கு பற்றிய பேச்சை இங்கே எடுக்கவில்லை. இதை உறவினர் பலரும் படிப்பார்கள். அது பங்காளிகள் கூடி உட்கார்ந்து பேச வேண்டியது.

நான் எழுத வந்தது இதுதான். பூட்டியே கிடந்த உங்கள் இரட்டை வீட்டின் இரண்டு அறைகளையும் சென்ற வெள்ளிக்கிழமை திறந்துவிட்டேன். உள்வீட்டுச் சுவரில் கரையான் ஏறியிருந்தது. மருந்து அடித்தாயிற்று, வெள்ளையடிக்க ஆளிடம் சொல்லியிருக்கிறேன். அண்ணியின் பித்தளைக் குடங்கள் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. ஆத்தா படுக்கும் அறைக்கு ஏசியும் வந்துவிட்டது. கூரைக்குக் கீழே பலகை அடித்து உயரத்தைக் குறைத்து, கதவிடுக்குகளையும் அடைத்த பிறகுதான் அறை குளிர்ந்தது. அதற்காகப் பணம் அனுப்பாதீர்கள். நேற்றுப் பகலில் ஆத்தா மூன்று மணி நேரம் அசையாமல் தூங்கினார்கள். ஓராண்டுக்கு முன்பே செய்திருக்கலாம் என்று வாசலில் நின்றபடி நினைத்துக்கொண்டேன்.

ரயில் டிக்கெட்டுக்கு இப்போது அவசரமில்லை. முன்பு 120 நாளுக்கு முன்னரே எடுத்து வைத்துக்கொள்ள முடிந்தது. 2024 நவம்பரிலிருந்து 60 நாள் என்று குறைத்துவிட்டதால், பல்லவன் ரயிலுக்கு அக்டோபரில் பார்த்துக்கொள்ளலாம். அலுவலகத்தில் விடுப்பை மட்டும் இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். நான்கு பேரும் வர வேண்டும். பிள்ளைகளை ஆவாரம்பூ பறிக்க நானே அழைத்துப் போகிறேன்.

இந்த ஆண்டுக் கோடி வேட்டியை நீங்கள்தான் எடுக்க வேண்டும் என்று ஆத்தா சொல்லிவிட்டார்கள். திருக்கார்த்திகையன்றே முதல் இழையை உருவ வேண்டும் என்பதால், நீங்கள் வரும்வரை அது காத்திருக்க முடியாது. முன்கூட்டியே கூரியரில் அனுப்பிவிடுங்கள். ஆத்தாவின் பெயருக்கே அனுப்புங்கள்.

உங்கள் தம்பி