கிலோமீட்டரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய ஸ்போர்ட்ஸ் பைக் வாங்குவது பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். ‘குறைவாக ஓடிய வண்டியாகப் பார்த்து வாங்குங்கள்’ என்ற ஒரே வரியில் பிரிட்டிஷ் வண்டிகளையும் அடக்கிவிட்டார் கட்டுரையாளர். நான் டிரையம்ப் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் ஸ்போர்ட்ஸ் பைக்கான டேடோனா 675 ஓட்டுகிறவன். நண்பர்கள் வாங்கப் போகும்போது கூடப் போய் வண்டி பார்த்துக் கொடுப்பதும் உண்டு. அந்த வரியை நம்பி யாரும் பணத்தை எடுத்து நீட்டிவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

பிரிட்டிஷ் வண்டி என்றால் ஆயில் ஒழுகும் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. அது 1983-ல் மூடப்பட்ட டிரையம்பின் பழைய மெரிடன் தொழிற்சாலைக் காலத்து வண்டிகளைப் பற்றியது. டிரையம்ப் என்ற பெயரை ஜான் ப்ளூர் என்ற தொழிலதிபர் வாங்கி, இங்கிலாந்தின் ஹிங்க்லியில் புதிதாகக் கட்டிய தொழிற்சாலையிலிருந்து வந்தவை வேறு ரகம். 675-ன் மூன்று சிலிண்டர் இன்ஜின், கவனிப்பு சரியாக இருந்தால் நன்றாக உழைக்கும்.

அந்தக் கவனிப்பு நடந்ததா என்பதுதான் கேள்வி. ஏறக்குறைய 20,000 கிலோமீட்டரில் வால்வு கிளியரன்ஸ், அதாவது இன்ஜின் வால்வுகளுக்கு விடும் நுண்ணிய இடைவெளி, சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டேங்க், ஏர்பாக்ஸ் எல்லாம் கழற்ற வேண்டிய வேலை, கூலியும் அதிகம். அதனால் அதற்குச் சற்று முன்னால் வண்டியைத் தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். 19,000 ஓடி அந்தச் செலவு பாக்கியிருக்கும் வண்டியைவிட, 35,000 ஓடி வால்வு வேலை பில் கையில் இருக்கும் வண்டியைத்தான் நான் எடுப்பேன்.

அடுத்தது சார்ஜிங். 2006-ல் வந்த முதல் தலைமுறை 675-ல் பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் ரெக்டிஃபையர் சூடேறிச் சாவதும், அந்த மின்சாரத்தை உண்டாக்கும் காயிலான ஸ்டேட்டர் கருகுவதும் அதை ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம். கையில் ஒரு மல்டிமீட்டர் கொண்டுபோங்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஹெட்லைட் எரியும்போது, 5,000 ஆர்பிஎம்-ல் பேட்டரி முனைகளில் வைத்துப் பாருங்கள். 14 வோல்ட்டை ஒட்டி நிற்க வேண்டும். 13-க்குக் கீழே கிடந்தாலோ 15-ஐத் தாண்டினாலோ பேரம் பேசுவதை அங்கேயே நிறுத்துங்கள். அப்புறம் ரெகுலேட்டரின் கனெக்டரைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே பிளாஸ்டிக் பழுப்பேறியோ உருகியோ இருந்தால், மீட்டர் இன்று நல்ல எண் காட்டினாலும் அது நிலைக்காது.

போகும் முன்பே, வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் வண்டி எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதை யாரோ மறைக்கப் பார்க்கிறார்கள்.

வண்டி விழுந்திருக்கிறதா என்பதை ஃபேரிங்கில், அதாவது வெளியே மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறையில், தேடிப் பயனில்லை. அதை மாற்றுவது எளிது. ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, அது முட்டி நிற்கும் லாக் ஸ்டாப்பைப் பாருங்கள். அங்கே நசுங்கலோ புதுப் பெயின்ட்டோ இருந்தால் பலமான அடி. ஆயில் டிரெய்ன் போல்ட்டின் தலையில் கம்பி கோக்க ஒரு சின்னத் துளை இருந்தால், வண்டி ரேஸ் டிராக்குக்குப் போய் வந்திருக்கக்கூடும் என்று பொருள். அதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை, ஆனால் விற்பவர் தானாகவே அதைச் சொன்னாரா என்று யோசியுங்கள்.

இனி இப்படி ஒரு கட்டுரை வரும்போது, ஓடோமீட்டரைப் படம் போடும் இடத்தில் வால்வு வேலைக்கான பில்லைக் கேட்கச் சொல்லி இரண்டு வரி சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்