சோப்பும் வெயிலும் ஆகாத செருப்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. தினமும் ஃபோனில் பேசினாலும் காகிதத்தில் எழுதினால்தான் உனக்கு எழுதின மாதிரி. போன வாரம் நீ சிரித்துக்கொண்டே கேட்டாயே, "பாலே ஆடுகிறவர்களின் செருப்பு துடைத்து வைக்கவா அவ்வளவு தூரம் போனாய்?" என்று. அப்போது ஏதோ மழுப்பிவிட்டேன். அன்றைக்கு ராத்திரி பூரா அது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

இங்கே குளிர்காலம் தொடங்கிவிட்டது. நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. மழை அடித்துப் பெய்து ஓய்ந்தால் பரவாயில்லை, நாள் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கிறது. வெயில் எட்டிப் பார்க்கும், சூடு இருக்காது. துவைத்த துணி மூன்று நாளானாலும் ஈரம் விடுவதில்லை. சுவரோரம் வெந்நீர் ஓடும் ரேடியேட்டர் இருக்கிறது. அதன்மேல் போட்டுத்தான் சாக்ஸ் முதல் துண்டு வரை எல்லாம் காய்கிறது. அந்தப் பழக்கம்தான் என்னை மாட்டிவிட்டது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம். ஒரு பெண், விரல் நுனியில் நின்று ஆடுகிற தன் பாலே செருப்பைக் கொடுத்து, "கொஞ்சம் சுத்தம் பண்ணி வை, சாயங்காலம் ஒத்திகை" என்று சொல்லிவிட்டுப் போனாள். இளஞ்சிவப்பு சாட்டின், குதிகால் ஓரமெல்லாம் கறுப்பு. எனக்குத் தெரிந்த வைத்தியம் நீ சொல்லிக்கொடுத்ததுதானே, எதுவானாலும் சோப்புத் தண்ணீர், அப்புறம் சூடு. தொட்டியில் முக்கி, நுரை வரத் தேய்த்து, அலசி, ரேடியேட்டர்மேல் வைத்தேன். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சாட்டின் பளிச்சென்று இருக்கிறது, செருப்பைத்தான் காணோம். நுனி மழையில் ஊறிய அட்டைப்பெட்டி மாதிரி அமுங்கி, ஒரு பக்கமாக வளைந்து அப்படியே இறுகிவிட்டது. நல்லவேளை, அவளிடம் இன்னொரு ஜோடி இருந்தது.

எங்கள் பிரிவின் பெரியம்மா (வயதை வைத்து நான் மனசுக்குள் அப்படித்தான் கூப்பிடுகிறேன்) திட்டவில்லை. ஒரு பழைய செருப்பையும் கத்தரிக்கோலையும் கொடுத்து, "வெட்டிப் பார்" என்றார்.

உள்ளே மரக்கட்டை இருக்கும் என்று நீ சொன்னாய் அல்லவா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மரமும் இல்லை, இரும்பும் இல்லை. விரல்கள் நுழைகிற முன்பகுதியை பாக்ஸ் என்கிறார்கள். அது சாக்குத்துணி, கித்தான், காகிதம் என்று அடுக்கடுக்காகப் பசை தடவி, அச்சில் வைத்துச் சூட்டில் உலர்த்தி இறுக்கியது. அவ்வளவுதான். பாதத்துக்கு அடியில் தோலும் அட்டையுமாக ஒரு பட்டை, அதற்குப் பெயர் ஷாங்க். ஒரு முழு ஆளின் எடை அந்தச் சின்ன நுனியில் நிற்பது இந்தப் பசையை நம்பித்தான். பசை தண்ணீரில் கரையும். இவ்வளவு சின்ன விஷயம் எனக்குத் தோன்றவில்லை பார்.

தையல்காரியான உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தச் செருப்பை உள்பக்கம் வெளியே இருக்கும்படி தைத்துவிட்டு, தலையணை உறையைப் புரட்டுகிற மாதிரி புரட்டி எடுக்கிறார்கள். இடது வலது என்று வித்தியாசம் கிடையாது, இரண்டும் ஒரே அச்சு. லண்டனில் 1929-இல் தொடங்கிய ஃப்ரீட் என்ற கம்பெனியில் செய்கிறவர் ஒவ்வொருவருக்கும் அடியில் குத்த ஒரு முத்திரை உண்டு, மீன், நங்கூரம், மணி என்று. ஆடுகிறவளுக்கு அவர் முகம் தெரியாது. ஆனால் "எனக்கு மீன்காரர் செய்ததுதான் வேண்டும்" என்று வருஷக்கணக்காக அடம்பிடிப்பாள்.

சரி, துடைக்கிற விஷயத்துக்கு வருகிறேன். முதலில் நன்றாகக் காயவிடுகிறேன். காய்ந்த அழுக்கை மெல்லிய பல்துலக்கும் பிரஷ்ஷால் சாட்டினின் இழை போகும் திசையிலேயே தட்டி எடுக்கிறேன். மிச்சத்துக்கு வெள்ளைத் துணியை நனைத்து, சொட்டுக்கூட விழாத அளவுக்குப் பிழிந்து, மென்மையான சோப்பைத் துளி தொட்டு ஒற்றி எடுக்க வேண்டும். தேய்த்தால் சாட்டின் நூல் எழும்பிப் பஞ்சு பஞ்சாகிவிடும். குதிகாலும் பக்கங்களும் மட்டும்தான். பாக்ஸ் பக்கம் ஈரமே போகக் கூடாது. உடனே உலர்ந்த துணியால் ஒற்றிவிட வேண்டும். ரிப்பனைப் பிரித்துவிட்டால் தனியாக எவ்வளவு வேண்டுமானாலும் துவைக்கலாம், உள்ளே வைக்கிற விரல் மெத்தையையும் அப்படியே. என் சோப்பு ஆசையெல்லாம் அதில்தான் தீர்கிறது.

போகாத கறை போகாதுதான். அதன்மேல் காலமைன் லோஷனைப் பஞ்சால் தட்டிவிடுவார்கள். அழுக்கும் மறையும், மேடை விளக்கில் சாட்டின் மின்னாமலும் இருக்கும். சிலர் முகத்துக்குப் போடும் மேக்கப்பையே பூசுகிறார்கள். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அம்மா. இந்தச் செருப்பின் இளஞ்சிவப்பு நிறம் வெள்ளைக்காரப் பெண்களின் காலுக்காக வந்தது. காலும் செருப்பும் ஒரே கோடாகத் தெரிய வேண்டும் என்பது கணக்கு. இங்கே நம் நிறத்தில் ஒருத்தி ஆடுகிறாள். ஸ்பாஞ்சை எடுத்து, ரிப்பன் மடிப்பு வரைக்கும் விடாமல் தன் நிறத்தைத் தானே பூசிக்கொள்வாள். ஒவ்வொரு ஜோடிக்கும் இதே வேலை. நியூயார்க்கில் டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெம் என்ற குழுவினர் 1970-களிலேயே அவரவர் நிறத்துக்குச் செருப்பைச் சாயமேற்றி ஆடியிருக்கிறார்கள். ஃப்ரீட் கம்பெனி பாலே பிளாக் என்ற குழுவோடு சேர்ந்து பழுப்பு நிறத்திலேயே செருப்பு செய்து கொடுக்க 2018 ஆகிவிட்டது. எத்தனை தாமதம் பார். சில நாள் அவளோடு உட்கார்ந்து ஜோடியில் இன்னொரு செருப்பை நான் பூசுவேன். அவளுடைய டப்பாவில் இருக்கும் நிறம் என் கைக்கும் சரியாக இருக்கிறது.

துடைப்பதைவிடக் காயவைப்பதுதான் பெரிய வேலை. வெளித் தண்ணீரை நான் தடுத்துவிடலாம், உள்ளே ஊறுகிற வியர்வையை என்ன செய்வது? ஒரு ஒத்திகை முடிந்தால் செருப்பு உள்ளே சொதசொதவென்று இருக்கும். அதை அப்படியே பிளாஸ்டிக் பையில் திணித்து வைத்தால் காலைக்குள் பாக்ஸ் தளர்ந்து, நாற்றமும் பிடித்துவிடும். விரல் மெத்தையை வெளியே எடுத்து, அமுங்கின நுனியைக் கையால் பிடித்து வட்டத்துக்குக் கொண்டுவந்து, வலைப் பையில் போட்டுக் காற்று போகும் இடத்தில் தொங்கவிட வேண்டும். ரிப்பனை ஈரச் செருப்பின்மேல் சுற்றக் கூடாது, தனியாகச் சுருட்ட வேண்டும். ரேடியேட்டரும் ஆகாது, வெயிலும் ஆகாது. ஒரு நாளாவது ஆகும், இந்த ஊர்க் குளிரில் இரண்டு நாள்கூட ஆகிறது. அதனால்தான் ஒவ்வொருத்தியும் இரண்டு மூன்று ஜோடியை மாற்றி மாற்றிப் போடுகிறாள்.

இத்தனை பார்த்தும் அது எத்தனை நாள் வரும் என்கிறாய்? பெரிய ஆட்டம் என்றால் ஒரு ராத்திரி. சில சமயம் இடைவேளையிலேயே ஒரு ஜோடி முடிந்துவிடும். "செத்துப்போச்சு" என்றுதான் சொல்கிறார்கள். ஷாங்க் வளைந்து தாங்காமல் போனபிறகு அதில் ஏறி நின்றால் கணுக்கால் போய்விடும். உள்ளே பசை ஊற்றி நுனியை இறுக்கி இன்னொரு நாள் ஓட்டுகிறவர்களும் உண்டு. 1993-இல் கேனர் மிண்டன் என்ற கம்பெனி பிளாஸ்டிக் மாதிரி ஒரு பொருளில் பாக்ஸும் ஷாங்க்கும் செய்தது. அது இன்னும் கொஞ்சம் உழைக்கிறது. ஆனால் எங்கள் பெரியம்மா அதைக் கையில் எடுக்கும்போதே முகம் சுளிப்பார்.

இன்னொரு வேடிக்கை. நான் இவ்வளவு பொத்திப் பொத்தி வைக்கிற செருப்பைப் புதிதாக வந்தவுடன் என்ன பாடு படுத்துகிறார்கள் தெரியுமா? கதவிடுக்கில் வைத்து நசுக்குவாள் ஒருத்தி, படிக்கட்டில் ஓங்கி அடிப்பாள் இன்னொருத்தி. வழுக்காமலிருக்க நுனி சாட்டினைக் கத்தரித்துவிடுவார்கள். அடித்து மென்மையாக்காவிட்டால் 'ஸ்வான் லேக்' என்ற பாலேயில் 24 பேர் அன்னமாக ஓடிவரும்போது குதிரைப்படை வருகிற மாதிரி சத்தம் கேட்குமாம். 1832-இல் பாரிஸில் மாரி டாக்லியோனி நுனிக்காலில் ஆடிப் புகழ் பெற்றபோது இந்தக் கெட்டி பாக்ஸெல்லாம் கிடையாது. மெத்தென்ற சாட்டின் செருப்பு, நுனியிலும் ஓரத்திலும் நூல் ஓட்டித் தைத்தது மட்டும்தான். அவளுடைய செருப்பை ரஷ்ய ரசிகர்கள் வாங்கி, சமைத்துத் தின்றார்கள் என்று ஒரு கதை உண்டு. அப்பாவிடம் படித்துக் காட்டு, சிரிப்பார்.

கடைசியாக உன் தொழில் விஷயம். ரிப்பன் தைப்பதை ஆடுகிறவர்களே செய்துகொள்வார்கள், கூட்டம் அதிகமானால் என்னிடம் வரும். ஓரத்துக்குள் ஒரு இழுகயிறு ஓடுகிறது. அதன்மேல் ஊசி ஏறிவிட்டால் கயிறு நகராது. அதனால் உள் துணியை மட்டும் பிடித்துத் தைக்க வேண்டும். நூல் என்ன தெரியுமா? பல்லிடுக்கைச் சுத்தம் பண்ணுகிற ஃப்ளாஸ்! அறவே அறாது. நீ ஒருநாள் இதை வைத்துப் பொத்தான் தைத்துப் பார். நான் தைத்த ரிப்பன் இதுவரை மேடையில் பிரிந்ததில்லை. போன வாரம் பெரியம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரிடம் கற்றாய்?" என்று கேட்டார். உன்னைச் சொன்னேன்.

நூல் நுனியில் நீ போடுவாயே, எவ்வளவு இழுத்தாலும் உருவிக்கொள்ளாத முடிச்சு, அது ஃப்ளாஸில் எனக்குச் சரியாக வரவில்லை, வழுக்குகிறது. அடுத்த கடிதத்தில் அதைப் படிப்படியாக வரைந்து அனுப்பு. இங்கே மூன்று பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

உன் அன்பு மகள்