நே ஜாவின் அம்மா

அன்புள்ள செந்திலுக்கு,

நீ சொன்ன சீன அனிமேஷன் படத்தை ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டேன். 2019-இல் வந்த 'நே ஜா', முதல் பாகம். போனில் சொல்ல ஆரம்பித்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும், அதனால் எழுதுகிறேன்.

மூன்று வருடம் வயிற்றில் சுமந்து பெற்ற பிள்ளை, உள்ளே அசுர சக்தி நிறைந்த ஒரு மணியோடு பிறக்கிறது. மூன்று வயதில் இடி விழுந்து சாவான் என்று விதி. ஊரே அவனைக் கண்டால் ஓடுகிறது. அவன் அம்மாவோ பூதங்களை விரட்டும் வேலைக்கு நடுவில், கவசத்தோடேயே அவனுடன் விளையாடுகிறாள், இறகு செருகிய காயைக் காலால் உதைத்து. அவன் உதை சாதாரண உதையா? வாங்கிக்கொண்டு மறுபடி நிற்கிறாள். நைட் டூட்டி முடித்து, யூனிஃபார்மைக் கழற்றாமல் உனக்குத் தோசை வார்த்த காலைகள் ஞாபகம் வந்தன.

பழைய சீனப் புராணக் கதையில் அப்பாவுக்கும் மகனுக்கும் தீராத பகை. பெற்றவர்கள் தந்த சதையையும் எலும்பையும் மகன் திருப்பிக் கொடுத்துவிடுவான். படத்தில் அவனுக்கு விழவேண்டிய இடியைத் தன் மேல் வாங்கிக்கொள்ள அப்பா ரகசியமாக ஏற்பாடு செய்கிறார். இயக்குநர் ஜியாவ்ஸி மருந்தியல் படித்தவர். வேலையை விட்டுவிட்டு, அம்மாவின் ஓய்வூதியத்தில் மூன்று வருடத்துக்கு மேல் வீட்டில் உட்கார்ந்து முதல் குறும்படத்தைச் செய்தாராம். இந்தப் பெற்றோரை அவர் வெளியே போய்த் தேடியிருக்க வேண்டியதில்லை.

நே ஜா என்ற பெயரே குபேரன் மகன் நளகூபரன் பெயர் சீனத்துக்குப் போய்த் தேய்ந்தது என்கிறார்கள். கண்ணன் கதையில் மருத மரமாக நின்றானே, அவன்தான்.

ஆனால் ஒன்றைப் பொறுக்க முடியவில்லை. படத்தின் வில்லன் ஷென் கோங்பாவோ திக்கிப் பேசுகிறான், அதையே திரும்பத் திரும்பச் சிரிப்பாக்குகிறார்கள். சிறுத்தையாகப் பிறந்ததால் ஒதுக்கப்பட்டேன் என்று புழுங்குகிறவன் அவன். பிறப்பைப் பார்த்து ஒருவனை ஒதுக்காதே என்று சொல்லும் படம், இவன் நாக்கைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லலாமா? ஐந்தாம் வகுப்பில் 'ப' வந்தாலே நீ நின்றுவிடுவாய். வகுப்பே சிரித்த அன்று சாயங்காலம், பையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாய். அந்த இடங்களில் உனக்குச் சிரிப்பு வந்ததா? எனக்கு வரவில்லை.

மூத்திரம், குடிகாரக் குரு எல்லாம் போகட்டும், குழந்தைகளுக்கு வைத்தது. கடைசியில் ஊர் மேல் கவிகிற பனிக்கட்டியை நே ஜா நெருப்பால் தாங்குவது அபாரம், சரியா?

இரண்டாம் பாகத்தில் ஷென் கோங்பாவோவின் அப்பாவும் தம்பியும் வருகிறார்களாம். அவன் பக்கத்தையும் காட்டுகிறார்களாம். 144 நிமிடம். பொங்கலுக்கு வரும்போது லேப்டாப்பில் கொண்டு வா. அதை நான் தனியாகப் பார்க்க மாட்டேன்.

அன்புடன்,
அம்மா