பைபர் படகின் உட்காயம்: திருகோணமலைக் கடற்றொழிலாளர் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகிகளே,

வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்து, திருக்கடலூர் முதல் குச்சவெளி வரை கரையேற்றிக் கிடந்த பைபர் படகுகள் மறுபடியும் கடலுக்கு இறங்கும் இந்த நேரத்தில், அவற்றைத் திருத்துவதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் ஒரு வேண்டுகோளை உங்கள் முன் வைக்கிறேன்.

சென்ற வாரம் என்னிடம் வந்த படகொன்றின் அணியத்துக்குக் (முன்முனைக்குக்) கீழே, கல்லில் மோதிய இடத்தை யாரோ பட்டி என்ற நிரப்புப் பசையைப் பூசி, பெயின்ற் அடித்து அழகாக மூடியிருந்தார். பெயின்றைச் சுரண்டியபோது ஜெல்கோட் எனும் வெளிப்பூச்சில் பத்து ரூபாய் நாணயமளவு நட்சத்திர வெடிப்பு மட்டுமே தெரிந்தது. உள்ளே பலகையைக் கழற்றிப் பார்த்தால், அதே இடத்தில் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு இழைகளை ஒட்டிவைக்கும் ரெசின் வெளுத்திருந்தது. நாணயத்தால் தட்டியபோது சுற்றிலும் ‘டங்’ என்று எழுந்த ஒலி அங்கே மட்டும் ‘தொப்’ என்று அடங்கியது.

இரும்பு அடிபட்டால் நெளிந்து காட்டிக்கொடுக்கும். கண்ணாடியிழையோ அடியை வாங்கி, வளைந்து, பழைய வடிவுக்கே திரும்பிவிடும். ஆனால் அந்த ஒரு நொடியில் உள்ளே ரெசின் வெடித்து, மேட், ரோவிங் எனும் கண்ணாடியிழை விரிப்புகள் ஒட்டியிருந்த தளங்கள் விட்டுப்போயிருக்கும். சேதம் அடிபட்ட புள்ளியிலிருந்து கூம்புபோல் விரிந்து உட்புறத்தை அடைவதால், வெளியே சிறிதாகவும் உள்ளே பெரிதாகவும் இருக்கும். இழைகள் அறாதவரை இழுவிசையை அப்பகுதி ஓரளவு தாங்கும். அலை மோதி அழுத்தும்போதுதான், விட்டுப்போன அடுக்குகள் ஒன்றையொன்று தாங்காமல் தனித்தனியே மடங்கும். எடையில் ஏறத்தாழப் பாதி இழையும் ரெசினும் சேர்ந்த கூட்டுப்பொருளாலான போயிங் 787 போன்ற விமானங்களை வடிவமைப்பவர்களும் கண்ணுக்குத் தெரியாத இந்தச் சேதத்தைக் கணக்கில் எடுத்தே வடிவமைக்கிறார்கள். அவர்களிடம் மீயொலிக் கருவி உண்டு. நாணயத்தால் தட்டிப் பார்ப்பதையும் அவர்கள் கைவிடவில்லை.

பட்டி இடைவெளியை நிரப்புமே தவிரப் பாரத்தைத் தாங்காது. விட்டுப்போன பகுதி முழுவதையும் உறுதியான அடுக்கு வரும்வரை அரைத்தெடுத்து, நன்னீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டே புது மேட் வைக்க வேண்டும். அரைக்கும் விளிம்பின் சரிவு 12க்கு 1 (தடிப்பைப்போல் 12 மடங்கு அகலம்) என்று கொண்டால், 6 மில்லிமீற்றர் தடிப்புக்கு ஒவ்வொரு பக்கமும் 72 மில்லிமீற்றர் அரைக்க வேண்டும். ஏனெனில் பழைய ரெசினோடு புதியது பெரும்பாலும் சொரசொரப்பைப் பிடித்தே ஒட்டுகிறது. “சின்ன வெடிப்புக்கு இவ்வளவு பெரிய ஓட்டையா, தம்பி?” என்று படகுக்காரர்கள் கோபிப்பதில் நியாயமில்லாமலில்லை, ஏனெனில் ரெசின் விலை அவர்கள் தலையில்தான் விழுகிறது.

ஆகவே, படகு இறங்குமுன் அடிபட்ட இடங்களை உள்ளிருந்தும் தட்டிப் பார்த்த பிறகே பட்டி பூச அனுமதிப்பது என்று உங்கள் சங்கங்கள் தீர்மானிக்க வேண்டுகிறேன். சங்கத்துக்கு இருவரை அனுப்பினால், ஞாயிறு காலைகளில் கட்டணமின்றிக் கற்றுக்கொடுப்பேன். அந்தப் படகில் வெட்டியெடுத்த துண்டை எறியாமல் வைத்திருக்கிறேன். விரலால் பிரித்தாலே அடுக்கடுக்காக வருகிறது.

இப்படிக்கு,
திருக்கடலூர்ப் படகு திருத்துநர் ஒருவர்