வதனிக்கு, நெல்லியடியிலிருந்து

அன்புள்ள வதனி,

நீ அமெரிக்காவிலிருந்து அனுப்பிய குரல் பதிவுகளைக் கேட்டேன். கடைசியில் அழுதாயா சிரித்தாயா என்று விளங்கவில்லை. உன் சிரிப்பு ஏ.எல். (உயர்தர) வகுப்பிலிருந்தே அப்படித்தான். இங்கே எல்லோரும் சுகம். மாமிக்குப் படுக்கைப் புண் ஆறிவிட்டது. பவளம் ரீச்சரைக் கோயிலில் கண்டேன். "அவள் இப்பவும் மூச்சு விடாமல்தான் கதைக்கிறாளோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். வெள்ளைக் குடை பத்திரமாக இருக்கிறது, அதைப் பற்றி இனிக் கேட்காதே.

எழுத வந்தது என் பிள்ளை ஆரணியின் விஷயம். போனில் சொல்ல முடியவில்லை, அவள் எந்நேரமும் பக்கத்தில்தான் நிற்கிறாள்.

ஏ.எல். பயோ பிரிவில் அவளுக்கு ஒரு பி, இரண்டு சி. மெடிசின் இல்லை என்று அவளுக்குப் பரீட்சை மண்டபத்திலேயே தெரியுமாம். அதற்காக அவள் அழவில்லை. நான்தான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதன் பிறகு யாழ்ப்பாணம் போனவள் ஒரு துண்டுப் பிரசுரத்தோடு வந்தாள். தாதி உதவியாளர் பயிற்சி, ஒரு வருடம், கட்டணம் 1,80,000 ரூபா, தவணையிலும் கட்டலாம். கீழே பெரிய எழுத்தில் 'வேலை நிச்சயம், வெளிநாட்டு வாய்ப்பும் உண்டு'.

அதைச் சொன்னதும் நீ "காசை நான் கட்டுறன், படிச்சிட்டு இஞ்சை வரட்டும்" என்றாய். உன் மனசு எனக்குத் தெரியும். ஆனால் உன் மகள் செய்யும் மெடிக்கல் அசிஸ்டன்ற் வேலைக்கும் இந்தப் பயிற்சியில் கிடைக்கும் பத்திரத்துக்கும் தொடர்பே இல்லையடி. உன் மகள் அந்த வேலைக்கான சிஎம்ஏ சான்றிதழ்ப் பரீட்சை எழுத முடிந்தது, அங்கே அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் படித்தபடியால். நெல்லியடியிலிருந்து பஸ் ஏறிப் போய் எடுக்கும் சேர்டிபிக்கேற்றைக் காட்டி அந்தக் கதவைத் தட்ட முடியாது. நீ சொன்ன 44,200 டொலரும் 2024 மே மாதக் கணக்கில் அமெரிக்காவில் அந்த வேலைக்கான இடைநிலை வருடச் சம்பளம். பாதிப் பேர் அதற்குக் கீழேதான் எடுக்கிறார்கள். அந்தத் தொகையை ஆரணிக்கு முன்னால் இனிச் சொல்லாதே. அன்றிரவே அதை ரூபாயாக்கிப் பார்த்துவிட்டாள்.

சரி, இங்கத்தைய கணக்குக்கு வருகிறேன். படிப்பை முடித்துத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்ந்தால் தொடக்கச் சம்பளம் 30,000 அளவில் என்கிறார்கள். இந்த 2026 ஜனவரியிலிருந்து நாட்டின் ஆகக் குறைந்த மாதச் சம்பளமே 30,000 தான். துணிக்கடையில் நிற்கும் பிள்ளைக்கும் சட்டப்படி அதைக் கொடுக்க வேண்டும். அதில் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) 8 வீதம் கழிய கையில் 27,600. முதலாளி அதற்குப் போட வேண்டிய 12 வீதமும் ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதமும் தனியாகச் சேரும், ஒழுங்காகப் போட்டால். பஸ், சாப்பாடு, சப்பாத்து, வீட்டுக்குக் கொடுப்பது எல்லாம் போக மாதம் 10,000 மிஞ்சினால், கட்டிய கட்டணம் திரும்பி வர ஒன்றரை வருடம். படித்த வருடத்தையும் கூட்டினால் இரண்டரை.

என் நித்திரையைக் கெடுப்பது அந்த இரண்டரை வருடம்தான். அரசாங்கத் தாதியர் பயிற்சிக் கல்லூரியில் எடுபட்டால் மூன்று வருடத்தில் தாதி. கட்டணம் இல்லை, படிக்கும்போதே மாதக் கொடுப்பனவு, முடித்தால் அரசாங்க வேலை. அந்தக் கல்லூரி யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. உதவியாளராகப் பத்து வருடம் நின்றாலும் அந்த அனுபவத்தைக் கொண்டு ஒருத்தி தாதியாகிவிட முடியாது. மறுபடி அடியிலிருந்துதான் ஏற வேண்டும்.

ஆனால் அந்தக் கல்லூரிக்கு ஆள் எடுக்கும் வர்த்தமானி அறிவித்தல் எப்போது வரும், இசட் ஸ்கோர் (ஏ.எல். புள்ளிகளை வைத்துப் போடும் தரக்கணக்கு) வெட்டுப்புள்ளி எங்கே நிற்கும் என்று யாரைக் கேட்பது? பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தால் பிள்ளை சோர்ந்து போவாள். இவர் "எதிலாவது சேர்த்துவிடு" என்கிறார். இவருக்கு எல்லாமே அவ்வளவு சுலபம்.

நேரே போய் அந்த நிலையத்தில் விசாரித்தேன். மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு இருக்கிறதாம், இலக்கத்தைக் காட்டினார்கள். இந்தப் பாடநெறிக்கு அங்கீகாரம் உண்டா, முடிவில் என்விகியூ (தேசிய தொழில் தகைமை) 4 கிடைக்குமா என்று கேட்டேன். "விண்ணப்பித்திருக்கிறோம்" என்றார்கள். நிலையத்தைப் பதிவு செய்வது வேறு, பாடநெறிக்கு அங்கீகாரம் எடுப்பது வேறு. என்விகியூ இல்லாவிட்டால் அவள் கையில் மிஞ்சுவது அவர்கள் அச்சடித்த தாள் மட்டும். எந்த வார்டில் பயிற்சி, எத்தனை மணித்தியாலம் என்பதற்கும் நேரான பதில் இல்லை. இடையில் அரசாங்கக் கல்லூரி கிடைத்தால் கட்டிய காசு திரும்புமா என்றேன். அந்தப் பெண் சிரித்தாள். ஜப்பானுக்கு அனுப்புவோம் என்றும் சொன்னார்கள். ஜப்பானில் முதியோர் பராமரிப்பு வேலைக்கு அவர்களின் பாஷையும் தொழில் தேர்வும் சித்தியடைய வேண்டும், இந்தப் பத்திரம் போதாது. பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பிள்ளைகள் வரிசையில் இருந்து இதையெல்லாம் நம்பிக் கையெழுத்துப் போடுகிறார்கள் வதனி. பார்க்க வயிறு எரிந்தது.

இருந்தும் ஆரணியைத் தடுக்க மனம் வரவில்லை. மாமியின் புண்ணை ஆற வைத்தது அவள். இரவில் எழும்பி எழும்பிப் புரட்டிப் படுக்க வைத்தாள், ஒரு நாளும் மூக்கைப் பொத்தவில்லை. எனக்கு அந்த மனசு இல்லை. அந்தக் கைக்குச் சரியான படிப்பு கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போதைக்கு இப்படி முடிவெடுத்திருக்கிறேன்: அங்கே காசு கட்டுவதில்லை. என்விகியூ உறுதியாகத் தரும் இடமாகப் பார்க்கிறேன், அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் விசாரிக்கிறேன். வர்த்தமானி வந்த உடனே விண்ணப்பம். அதிலும் பெயர் வராவிட்டால் உன்னிடம் வாய்விட்டுக் கேட்பேன், அதுவரை ஒரு சதமும் அனுப்பாதே.

ஒரு உதவி மட்டும் செய். ஞாயிற்றுக்கிழமை உன் மகளை ஆரணியோடு கதைக்க விடு. நாள் முழுக்க நின்று கால் வீங்குவது, நோயாளியிடம் பேச்சு வாங்குவது, முதல் சம்பளத்தில் வாடகை போனது, ஒன்றையும் மறைக்காமல் சொல்லட்டும். நீ பக்கத்தில் இருக்காதே, இருந்தால் அந்தப் பிள்ளையைக் கதைக்க விடமாட்டாய்.

ஒடியல் மா இடித்து வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் யார் வருகிறார்கள் என்று எழுது.

அன்புடன்,
சுகி