கேலரியில ஒரு நோட்டு

மச்சான்,

ஷார்ஜா வெயிலைப் பத்திக் கேக்க மாட்டேன், நீயும் மெட்ராஸ் புழுக்கத்தைப் பத்திக் கேக்காதே. வீட்ல எல்லாரும் நல்லாருக்காங்க, அம்மாவுக்கு முட்டி வலி மட்டும் விடல. மெட்ரோவுக்காகத் தோண்டினதுல மூலக்கடையிலேருந்து பெரம்பூர் ஸ்டேஷன் போறதுக்குள்ள ஒரு மேட்ச்சே ஆடி முடிச்சிரலாம். குட்டியானைக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, இன்னும் ஆஃப்சைடுலதான் நிக்கிறான். சரி, விஷயத்துக்கு வர்றேன்.

டெய்லர் அண்ணனோட சின்னவன் ஞாபகம் இருக்கா? முல்லை நகர் கிரவுண்டுல நம்ம ஆடும்போது பந்து பொறுக்கிப் போடுவானே, அவன்தான். இப்போ காலேஜ்ல புள்ளியியல் படிக்கிறான். சென்னையின் எஃப்சி ஃபுட்பால் மேட்ச்சுன்னா எங்ககூட நேரு ஸ்டேடியம் வர்றான். நாங்க மேளம், விசில்னு தொண்டை கிழியக் கத்துவோம், இவன் மடியில ஒரு நோட்டு. பக்கத்துக்கு ஒரு கிரவுண்டு படம் வரைஞ்சு வச்சிருப்பான். ஷாட் அடிச்ச இடத்துல புள்ளி: கால்னா நீலம், தலைன்னா சிவப்பு. முன்னாடி எத்தனை டிஃபென்டர் மறைச்சாங்களோ அத்தனை சின்னக் கோடு. வீட்டுக்குப் போய் ஒவ்வொரு புள்ளியும் கோலாக எவ்வளவு வாய்ப்புன்னு போட்டுக் கூட்டுவான். எக்ஸ்ஜின்னு சொல்றாங்களே, அது. பெனால்டின்னா 100-க்கு 75, 80 உள்ளே போகும். பாக்ஸுக்கு வெளியிலேருந்து தூக்கி அடிச்சா நாலஞ்சு தேறினாலே அதிகம். நீ வாழ்நாள் பூரா அடிச்சது இந்த ரெண்டாவது வகைதான், கோவிச்சுக்காதே.

போன மாசம் ஜெயிச்ச மேட்ச் ஒண்ணுக்கு அப்புறம் நம்ம குரூப்ல எழுதினான்: "நல்ல சான்ஸ் எல்லாம் அவங்களுக்குத்தான். கோல்கீப்பர் புண்ணியத்துல தப்பிச்சோம்." அவ்ளோதான் மச்சான். துரோகின்னான் ஒருத்தன். "டேய் கால்குலேட்டர், பூட்ஸ் போட்டு ஆடியிருக்கியா"ன்னான் இன்னொருத்தன். அதுக்குக் கீழ வந்ததை எழுத மாட்டேன், அவங்கப்பாவை இழுத்தானுங்க. பையன் குரூப்பை விட்டுப் போயிட்டான். அடுத்த மேட்ச்சுக்கு டிக்கெட் கையில இருந்தும் வரல.

எனக்கு வயிறு எரியுது. 2018 இந்தியன் சூப்பர் லீக் ஃபைனலை நெனச்சுப் பாரு. பெங்களூருல, அவங்க கிரவுண்டுல, அவங்க சேத்ரி முதல் கோல் போட்டும் நம்ம 3-2ன்னு ஜெயிச்சோம். நம்ம டிஃபென்டர் மெயில்சன் ரெண்டு தடவை கார்னர்ல முட்டினப்போ நீ சட்டையைக் கழட்டிச் சுத்தி டீக்கடை பல்பை உடைச்ச. அடுத்த சீசன்? அதே கோச் கிரிகரி, 18 மேட்ச்சுல 9 பாயின்ட், பத்து டீம்ல கடைசி. ஏன்னு நம்மள்ல ஒருத்தனாவது உக்காந்து பாத்தோமா? திட்டினோம், சரக்கடிச்சோம், தூங்கினோம். அந்த ஏன்-ஐத்தான் இவன் கேக்குறான். தோத்தப்பவும் கேக்குறான், ஜெயிச்சப்பவும் கேக்குறான். ரெண்டாவதுதான் ஜனங்களுக்குப் பிடிக்கல.

ஜெர்மனி டீம் டோர்ட்மண்ட் கதையை அவன்தான் சொன்னான். 2014-15ல பாதி சீசன்ல 18 டீம்ல 17-வது இடம். ஊரே அவங்க கோச் கிளாப் கதை முடிஞ்சதுன்னது. ஷாட் கணக்கு பாத்தவங்க மட்டும், டீம் நல்லாத்தான் ஆடுது, பந்துதான் உள்ளே போகலன்னாங்க. கடைசியில ஏழாவதா வந்து நின்னாங்க. அந்தக் கிளாப்பைத்தான் 2015லேயே லிவர்பூல் கோச்சா கூட்டிட்டுப் போச்சு.

அதுக்காக நோட்டு வச்சிருக்கிறவன் சொல்றதெல்லாம் வேதம்னு நான் சொல்லல. சார்லஸ் ரீப்னு ஒரு வெள்ளைக்காரர், கணக்கர். 1950ல இங்கிலாந்துல ஸ்விண்டன் டீம் மேட்ச்சு பாக்கும்போது பென்சிலை எடுத்தவர் வருஷக்கணக்கா கீழே வைக்கல. பெரும்பாலான கோல் மூணு பாஸுக்குள்ளேதான் வருதுன்னு கண்டுபிடிச்சு, பந்தை நேரா முன்னாடி தூக்கி அடிங்கன்னாரு. ஆனா ஆட்டத்துல பந்து கைக்கு வந்தா பத்துக்கு ஒம்பது தடவை மூணு பாஸுக்குள்ளேயே பறிபோயிடுதே! அப்போ கோலும் அங்கதானே அதிகம் இருக்கும்? நம்ம பையன் அப்படி இல்ல. ஒவ்வொரு பக்கத்துக்குக் கீழேயும் எழுதுவான்: "கேலரியிலேருந்து பாத்தது, ரெண்டு மீட்டர் முன்னே பின்னே இருக்கலாம்." திட்டினவன் எவனாச்சும் தன் பேச்சுக்குக் கீழே இப்படி ஒரு வரி போடுவானா?

நேத்து கோச் அண்ணன்கிட்ட புலம்பினேன். அவர் நோட்டை வாங்கிப் பொறுமையா புரட்டினாரு. "ஞாயித்துக்கிழமை நம்ம சின்னப் பசங்க மேட்ச்சுக்கு இவனை உக்காரச் சொல்லு. எவன் எங்கேருந்து அடிக்கிறான்னு எனக்கும் தெரியணும்"னாரு. பையன் வர்றேன்னுட்டான். குரூப்புக்கு மட்டும் இன்னும் திரும்பல. நானும் குட்டியானையும் அங்க சண்டை போட்டுக்கிட்டே இருக்கோம்.

அவங்கிட்ட கம்ப்யூட்டர் கிடையாது, எல்லாம் அக்காவோட போன்லதான். ரிச்சி ஸ்ட்ரீட்ல செகண்ட் ஹேண்ட் லேப்டாப் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். ஆளுக்குக் கொஞ்சம் போடுறோம். சம்பளம் வந்ததும் உன் பங்கை அனுப்பு. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டித் தப்பிக்கப் பாக்காதே.

உன் பழைய
ரைட் பேக்