தோட்டக்காரியின் காயத்தை மறைத்துவிடாதீர்கள்

மொசார்ட்டின் ஓபெராக்களை, அதாவது இசை நாடகங்களை, மேடையேற்றும் அரங்குகளின் இயக்குநர்களுக்கு,

வணக்கம். பத்தொன்பது வயது நிறைய இரண்டு வாரங்களே இருந்தபோது, 1775 ஜனவரி 13 அன்று, மொசார்ட் மியூனிக் நகரில் அரங்கேற்றிய 'லா ஃபிந்தா ஜார்தினியேரா' என்ற நகைச்சுவை ஓபெராவை, அதாவது தோட்டக்காரியாக வேடமிட்டவளின் கதையை, நீளம் கருதி வெட்டிச் சுருக்காமல் முழுமையாக மேடையேற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

திரை எழுவதற்கு முன்பே இக்கதையில் ஒரு கொடுமை நடந்துவிடுகிறது. பொறாமையால் வெறிகொண்ட பெல்ஃபியோரே பிரபு, தன் காதலி வயோலாந்தேவைக் கத்தியால் குத்தி, அவள் இறந்துவிட்டதாக எண்ணி ஓடிவிடுகிறான். உயிர்பிழைத்த அவள் சாந்திரினா என்ற பெயரில் தோட்ட வேலை செய்தபடி அவனைத் தேடுகிறாள். இதை மறந்துவிட்டு வெறும் ஆள்மாறாட்டக் கூத்தாக நடத்தினால், அந்த இளைஞர் எழுதிய இசைக்கே பொருளில்லாமல் போய்விடும்.

இரண்டாம் அங்கத்தின் இறுதியைப் பாருங்கள். காட்டில் தனியே விடப்பட்ட சாந்திரினா சி மைனர் என்ற சோகம் ததும்பும் சுரவரிசையில் கதறுகிறாள்; அந்தக் கதறல் ஓய்வதற்குள் விம்மல் நிறைந்த இன்னொரு பாடல் தொடங்குகிறது; அதுவும் முடிவுறாமல், இருளில் ஒருவரையொருவர் அடையாளம் தெரியாமல் தடுமாறும் ஏழு பேரின் நீண்ட கூட்டிசைக்குள் கலந்துவிடுகிறது. காதலர் இருவரும் சித்தம் கலங்கித் தங்களைப் புராண மாந்தராக எண்ணிக்கொள்ளும் இடத்தில் அரங்கம் சிரிக்கலாம்தான், ஆனால் அவளைக் குத்திய கை அருகிலேயே இருக்கிறது என்பதை இசை மறப்பதில்லை. இந்தத் தொடர்ச்சியில் ஒரு பாடலை எடுத்தாலும் கட்டுமானம் சரிந்துவிடும்.

வேடிக்கையும் குறைவில்லை. தன் நெஞ்சுக்குள் புல்லாங்குழலும் ஓபோ என்ற ஊதுகருவியும் ஒலிப்பதாக நகரத் தலைவர் பாடும்போது, அவர் பெயர் சொல்லும் கருவிகள் வாத்தியக் குழுவிலிருந்து விடைசொல்வது எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அலுப்பதில்லை.

மியூனிக்கில் மூன்றே முறை மேடையேறிய இப்படைப்பின் முதல் அங்கத்து இத்தாலியக் கையெழுத்துப் படி தொலைந்துபோயிற்று. வெகுகாலம் ஜெர்மன் வடிவமே புழங்கியது. இன்றைய செக் நாட்டிலுள்ள மொராவியாவில் ஒரு பழைய பிரதி கிடைத்த பின்னரே, 1978இல் முழு இத்தாலிய வடிவம் அச்சேறியது. இருநூறு ஆண்டுகள் காத்திருந்து மீண்டுவந்த அப்பக்கங்களை அடுத்த பருவத்திலாவது முழுமையாகப் பாடவையுங்கள்.

இப்படிக்கு,
ஓர் இசை நேயர்